புகார் சொன்னால் இருக்கிற ஆசிரியரும் போய்விடுவாரா?

கேள்வி:

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன், நூறு நாள் வேலைக்குப் போகிறேன். பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை 82 பிள்ளைகள், ஆறு முதல் எட்டு வரை 51 பிள்ளைகள். தினமும் வருகிற ஆசிரியர்கள் தலைமையாசிரியரோடு சேர்த்து நாலு பேர். ஆங்கில சார் போன வருஷம் கலந்தாய்வில் அவர் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார், அந்த இடம் அப்படியே கிடக்கிறது. கணக்கு, அறிவியலுக்கு ஒரு டீச்சர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அவங்க ஒன்றரை வருஷமாக ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறாங்க. வீட்டுக்கு 200 ரூபாய் போட்டு, பி.எஸ்சி. படித்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கணக்குக்கு வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

இன்னொன்று, எழுதக் கை வராமல் எழுதுகிறேன். இருக்கிறவர்களில் ஒரு சார் நன்றாகப் பாடம் நடத்துவார். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கடைசியில்தான் உட்காரவைப்பார். கழிவறைக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் பிள்ளைகளைத்தான் அனுப்புவார். என் மகள் ஏழாவது படிக்கிறாள், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட்கலாம் என்றால், "அவரும் போய்ட்டா யார் பாடம் நடத்துறது, வாயை மூடிட்டு இரு" என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். சமத்துவம், பாகுபாடு பற்றிப் பயிற்சி என்று அந்த சாரையும் இன்னொருவரையும் இரண்டு நாள் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு நாளும் பள்ளியில் பாடமே இல்லை. திரும்பி வந்து அவர் மாறவும் இல்லை. அந்தப் பயிற்சியால் யாருக்கு என்ன பலன்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் தெருக்காரர்களைப் பிடித்திருக்கும் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு ஆசிரியர் மாறுதலில் போனால் போவது அவர் மட்டும்தான். அவருடைய பணியிடம் பள்ளியிலேயே இருக்கும். அது இருப்பதா போவதா என்பதை முடிவு செய்வது ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எடுக்கும் பிள்ளைகள் எண்ணிக்கை. எண்ணிக்கை இறங்கினால் "உபரி" என்று குறித்து, பணி நிரவலில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். பள்ளி இடத்தை இழப்பது அந்த வழியில்தான்.

இதை உங்கள் மகளின் வகுப்போடு சேர்த்துப் பாருங்கள். கழிவறைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன அவமானத்தில் ஒரு பிள்ளை நின்றுவிடும். கடன் வாங்கியாவது தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடலாம் என்று இன்னொரு வீடு நினைக்கும். மூன்றாவது வீடு அதைப் பார்த்துப் பின்னால் போகும். என் 34 ஆண்டு ஆசிரியப் பணிக்காலத்தில் இரண்டு பள்ளிகள் இப்படித் தேய்ந்து ஈராசிரியர் பள்ளியாகி, பிறகு ஓராசிரியர் பள்ளியாக நின்றதைப் பார்த்தவன் நான். இரண்டு ஊரிலும் பெற்றோர் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் போய்விடுவார் என்றுதான் அவர்களும் பயந்தார்கள். உங்கள் பள்ளியின் பணியிடங்களைத் தாங்கி நிற்பது அந்த 133 பிள்ளைகள். அவர்களைத் தக்கவைத்தால் ஆசிரியரைக் கேட்கும் உரிமை உங்கள் கையில் இருக்கும்.

கேட்க வேண்டியது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இதற்கு அளவு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை, 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. உங்கள் 82-க்கு மூன்று பேர். ஆறு முதல் எட்டு வரை தலை எண்ணிக்கை மட்டும் போதாது. வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடத்துக்கு ஒருவர் என்று இருக்க வேண்டும். 35 பிள்ளைக்கு ஒருவர் என்ற அளவும் மீறக் கூடாது. ஆக அங்கேயும் மூன்று, மொத்தம் ஆறு. எட்டு வகுப்புக்கு நீங்கள் வைத்திருப்பது நான்கு பேர். அதில் தலைமையாசிரியர் பாதி நாள் எமிஸ் இணையதளப் பதிவிலும் கூட்டங்களிலும் போய்விடுவார் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு, ஒரு பள்ளியில் காலியிடம் மொத்தப் பணியிடத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆறில் ஒன்று காலி என்றாலே 16 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆங்கில ஆசிரியர் இடத்தை நிரப்பக் கேட்க இந்த ஒரு பிரிவு போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்தக் கணக்கு டீச்சர் பற்றிய வரி. பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை, மேலே போகும் காலிப்பணியிடப் பட்டியலில் அந்தக் கணக்கு இடம் வராது. மாவட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு உங்கள் ஊரில் கணக்கு ஆசிரியர் இருக்கிறார், சம்பளமும் வாங்குகிறார். பிள்ளைகளுக்குத்தான் அவர் இல்லை. காலியிடத்தைவிட இது கெட்டது, ஏனென்றால் யார் கண்ணிலும் படாது. ஒரு பள்ளியில் பணியமர்த்திய ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்க வைக்கக் கூடாது என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் 27-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. அலுவலகத்தில் கோப்பு எழுதுவது அந்த மூன்றில் எதிலும் சேராது. புதிதாக ஒரு ஆசிரியரை வாங்குவதற்கு ஆண்டுகள் ஆகலாம். அந்த டீச்சரின் அலுவலக மாற்றுப்பணியை ரத்து செய்ய ஒரு உத்தரவு, ஒரு கையெழுத்து போதும். முதலில் இதைப் பிடியுங்கள்.

ஆண்டுகள் ஏன் ஆகின்றன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் குழுத் தலைவி அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அப்போதுதான் அலுவலகத்தில் சொல்லும் காரணங்களில் எது மெய், எது சாக்கு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், முதன்முதலில் 2012-இல் நடந்தது. லட்சக்கணக்கானோர் எழுதியதில் தேறியவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிறகு மறுதேர்வு, மதிப்பெண் தளர்வு, அதன்மேல் வழக்குகள் என்று போனது. டெட் தேறினால் மட்டும் வேலை இல்லை, நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் 149-ஆம் எண் அரசாணை வந்தது. இந்த இழுபறியில் ஏறத்தாழ பத்தாண்டு இடைநிலை ஆசிரியர் நியமனம் பெரிய அளவில் நடக்கவே இல்லை. 2020-இல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், 2021-இல் 60. அதனால் ஓட்டை தெரிவது இரண்டு ஆண்டு தள்ளிப்போனது, அடைபடவில்லை. 2024 பிப்ரவரியில் 1,768 இடைநிலை ஆசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, தேர்வு அந்த ஜூலையில் நடந்தது, ஆட்கள் வகுப்பறைக்கு வர 2025 ஆனது. டெட் தேறிவிட்டுப் பத்து ஆண்டு துணிக்கடையிலும் தனியார் பள்ளியிலும் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் ஆசிரியர் இல்லாத வகுப்பு, மறுபக்கம் வகுப்பு கிடைக்காத ஆசிரியர். இந்தக் கொடுமைக்கு அரசுகள் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் பள்ளி ஆசிரியர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ அந்தக் கவலை இருக்கலாம்.

உங்கள் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சங்கடமும் உண்டு. தென் மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் அதிகம், காலியிடம் குறைவு. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் பக்கம் காலியிடம் அதிகம். அதனால் முதல் பணி நியமனம் பலருக்கு உங்கள் பக்கம்தான் கிடைக்கும். பெட்டியோடு வருவார்கள், அறை எடுத்துத் தங்குவார்கள், அடுத்தடுத்த கலந்தாய்வில் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் யாருக்கும் மனம் அங்கேதான் இருக்கும். ஆனால் மாற்று ஆள் வந்து சேரும்வரை பழையவரை விடுவிக்கக் கூடாது என்று துறை கண்டிப்பாக நின்றிருந்தால் உங்கள் ஆங்கில வகுப்பு இப்படிக் கிடந்திருக்காது.

வீட்டுக்கு 200 ரூபாய் யோசனையை நான் ஏற்கவில்லை. படித்த ஊர்ப் பெண் வந்து கணக்குச் சொல்லித்தருவது நல்லதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் எட்டாவது வரை இலவசக் கல்வி உங்கள் பிள்ளையின் சட்ட உரிமை. நூறு நாள் வேலை செய்கிற வீட்டுக்கு 200 ரூபாய் என்றால் என்ன என்பது உங்களுக்கே தெரியும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையை நாளைக்கு யாராவது சொல்லிக்காட்டுவார்கள், அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கும் என்பதும் தெரிந்ததே. தற்காலிக ஆசிரியருக்கு அரசே பணம் தந்த முன்மாதிரி இருக்கிறது. 2022-இல் மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அனுமதித்தார்கள். தொடக்கத்தில் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய், பின்னால் கூட்டினார்கள். அந்தத் தொகையில் ஒரு குடும்பம் வாழ முடியாது. அதை நிரந்தரத் தீர்வாக்குவதையும் நான் எதிர்க்கிறேன். என்றாலும் நிரந்தர ஆசிரியர் வரும்வரை குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு அரசிடம் கேளுங்கள். உங்கள் சுருக்குப்பையை அவிழ்க்காதீர்கள்.

இனி அந்த ஆசிரியர். நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாடம் கடைசி வரிசைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் எட்டு வகுப்பைச் சுமக்கும் பள்ளியில் ஆசிரியர் களைத்துப்போவார், எரிந்து விழுவார், அது எனக்குத் தெரியும், நானும் சுமந்தவன். ஆனால் களைப்பு தெரு பார்த்து வருவதில்லை. ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கழிவறைக்கு அனுப்புவது சாதி பார்ப்பது, அதற்கு வேறு பெயர் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது, மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளைப் பாகுபடுத்தாமல் பார்ப்பது அரசின், உள்ளாட்சியின் கடமை என்று 8, 9 பிரிவுகள் சொல்கின்றன. இதில் பயிற்சிக்கு வேலையே இல்லை. செய்யக் கூடாது என்று தெரிந்தே செய்கிறவருக்கு விசாரணைதான் வேண்டும். பயிற்சிக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லிப் புகாரை மூடினால் ஏற்காதீர்கள்.

அப்படியானால் பயிற்சி வீணா? வீண் இல்லை. 1996-இல் நான் ஒரு ஈராசிரியர் பள்ளியில் இருந்தேன். கரும்பலகையில் சாக்பீஸால் கோடு கிழித்து, இடப்பக்கம் நாலாவது, வலப்பக்கம் ஐந்தாவது என்று நடத்திய காலம். பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். மற்றக் கருத்தாளர்கள் மாதிரி பேசிக்கொண்டே போகாமல், அன்று வந்த அம்மையார் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, "உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பெயரை நினைவிலிருந்து எழுதுங்கள்" என்றார். எனக்கு 31 பிள்ளைகள். 22 பெயரோடு பேனா நின்றுவிட்டது. "விட்டுப்போனது யார் யார் என்று நாளை பதிவேட்டில் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மறுநாள் பார்த்தேன். ஒன்பதில் ஏழு பேர் ஒரே தெரு. நான் அவர்களை அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எட்டு ஆண்டு ஆசிரியராக இருந்துவிட்டு, அவர்களைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன். அந்த வாரமே எல்லோரையும் அகர வரிசையில் மாற்றி உட்காரவைத்தேன். அந்த ஏழு பேரில் ஒரு சிறுமி, மந்தம் என்று நானே குறித்து வைத்திருந்தவள், முன்வரிசைக்கு வந்தாள். கண்ணை இடுக்கி இடுக்கிப் பலகையைப் பார்ப்பது மூன்றாம் நாள்தான் என் கண்ணில் பட்டது. பார்வைக் குறை. ஐந்தாவது வரை அவள் பலகையைப் படித்ததே இல்லை, பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். கண்ணாடி போட்ட பிறகு அவள் படித்த வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

அறியாமல் பாகுபடுத்துகிறவருக்குப் பயிற்சி கண்ணைத் திறக்கும். அறிந்தே செய்கிறவரைத் தொடாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் உங்கள் ஊரில் பயிற்சியின் பெயர் கெட்டிருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் சாதிப் பாகுபாடு குறித்த வகுப்பு கட்டாயம் என்றார். அதோடு நிற்கவில்லை. ஆசிரியர் தேர்விலேயே சமூகநீதி பற்றிய மனப்பாங்கைப் பார்க்க வேண்டும், ஒரு பகுதியில் ஆதிக்கமாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் போடக் கூடாது, மாணவரை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தார். ஆள் எடுப்பது, இடம் போடுவது, பயிற்சி கொடுப்பது மூன்றும் ஒரே கயிறு என்று அந்த அறிக்கை சரியாகப் பிடித்தது. பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அலமாரியில் வைத்தால் உங்கள் பள்ளியில் நடந்ததுதான் நடக்கும். பள்ளி நாளில் நாலு பேரில் இரண்டு பேரைக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளைச் சும்மா உட்காரவைப்பதும் நியாயமில்லை. ஒவ்வொருவராக அனுப்புங்கள் என்று குழு கேட்கலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். காலியிடத்தையும் அந்த ஆசிரியர்மேல் உள்ள புகாரையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். காலியிடம், மாற்றுப்பணி, தற்காலிக ஆசிரியர் ஆகிய மூன்றும் ஊர் முழுக்கச் சேர்ந்து கேட்கக்கூடியவை. மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதி, இரண்டு தெருத் தாய்மார்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெற்றோர் செயலியிலும் ஏற்றச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் அதே தீர்மானத்தை வையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கும், தொடக்கக் கல்வி மாவட்டக் கல்வி அலுவலருக்கும் நகல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால், பள்ளிக்கு அனுமதித்த பணியிடம் எத்தனை, மாற்றுப்பணி உத்தரவின் தேதி என்ன என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புகாரைக் கிராம சபைக்குக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் மகளின் பெயர் ஊர் வாயில் அடிபட வேண்டாம். எந்தத் தேதி, எந்த வேலை, எந்தெந்தப் பிள்ளைகள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு வாரத்தில் வரிசை மாறவில்லை, கழிவறை வேலை நிற்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தனியாகப் போக வேண்டாம், நாலு தாய்மாரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஊர்த் தெருவிலிருந்து ஒருவராவது உடன் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மனசாட்சி உள்ள ஒரு தாய் அந்தப் பக்கமும் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 1-க்கு முன்னால் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.